துப்பாக்கி சுடுகிறவர்கள் புரை ஆபரேஷனுக்கு முன் படிக்க: ‘கண்ணாடியே வேண்டாம்’ லென்ஸை நம்பி ஏமாறாதீர்கள்

கீழக்கரைப் பக்கம் ஏர் ரைஃபிள் சுடும், அறுபது தாண்டிய ஒருவருக்கு நடந்ததை அவர் சம்மதத்தோடு எழுதுகிறோம். மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை.

வலது கண்ணில் புரை. “நான் துப்பாக்கி சுடுறவன், பீப் சைட் வழியாத்தான் பார்ப்பேன்” என்று, அதாவது பின் சைட்டின் சின்னத் துளை வழியே குறி பார்ப்பதை, முதல் நாளே சொல்லியிருக்கிறார். கவுன்சலிங் மேஜையில் இருந்தவர் தாளில் எழுதிக்கொண்டதோ ‘பேப்பர் படிப்பார், பைக் ஓட்டுவார்’ என்று. விலைப் பட்டியலில் மூன்றே வரி: சாதா, ஸ்பெஷல், பிரீமியம். எந்த லென்ஸ், என்ன வகை என்று ஒரு சொல் கிடையாது. “பிரீமியம் போட்டுக்குங்க சார், எல்லா தூரமும் தெரியும், கண்ணாடியே வேண்டாம்.” போட்டுக்கொண்டார். உள்ளே போனது மல்டிஃபோகல், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட தூரத்துக்குக் குவியும் லென்ஸ்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. பேப்பர் படிக்கிறார், பஸ் போர்டு தெரிகிறது. ரைஃபிளைத் தோளில் வைத்தால்தான் வினை. குழல் நுனியிலுள்ள முன் சைட் வளையத்தை ஒட்டி மங்கலாக இன்னொரு வளையம். டார்கெட்டின் கரும்புள்ளி கருப்பாக இல்லாமல் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. போய்ச் சொன்னதற்கு, “மூளை பழகிக்கும், ஆறு மாசம் பொறுங்க” என்றார்கள். பொறுத்தார். அடுத்து, “பின்னாடி படலம் இருக்கு, லேசர் அடிச்சா சரியாயிடும்” என்றார்கள். அடித்தார்கள். அப்படியேதான் இருக்கிறது.

அந்த லேசரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பாதை அடைபட்டது அங்கேதான். லென்ஸ் உட்கார்ந்திருப்பது மெல்லிய பை ஒன்றுக்குள். மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ கழித்து அந்தப் பையின் பின்சுவரில் படலம் படர்வது பலருக்கும் நடப்பதுதான். அதற்கு யாக் லேசரால் பின்சுவரில் ஓட்டை போடுவது சரியான வைத்தியம். ஆனால் குறை லென்ஸின் வகையிலேயே இருக்கும்போது லேசர் ஒன்றும் செய்யாது. பின்சுவர் ஒருமுறை திறந்துவிட்டால் லென்ஸைக் கழற்றி மாற்றுவது பல மடங்கு சிக்கல். உள்ளிருக்கும் கூழ் முன்னால் வந்துவிடும். பை முழுதாக, லென்ஸோடு இறுக ஒட்டாமல் இருக்கும் முதல் சில வாரங்கள், மாதங்களில்தான் மாற்றுவது எளிது. ஆகவே வளையமும் சாம்பலும் முதல் நாளிலிருந்தே இருந்தால், “லென்ஸை மாத்தணுமா வேண்டாமான்னு முடிவு ஆகட்டும், அதுவரைக்கும் லேசர் வேண்டாம்” என்று சொல்லி, வேறொரு கண் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு மாதம் பொறுக்கச் சொல்வது சில சமயம் நியாயம்தான். பொறுத்த பிறகு லேசருக்குத் தள்ளுவதுதான் அநியாயம்.

மல்டிஃபோகல் ஏன் நமக்கு ஆகாது? வளைய வளையமாகச் செதுக்கிய அந்த லென்ஸ், வரும் ஒளியைப் பங்கு போடுகிறது. பழைய இருதூர வகையில் தூரத்துக்கு 41 சதவீதம், கிட்டத்துக்கு 41 சதவீதம், மீதி 18 வீண். எந்த நேரத்திலும் ஒரு படம் தெளிவாகவும் இன்னொன்று அதன் மேல் மங்கலாகவும் விழுந்துகொண்டிருக்கும். பேப்பர் படிப்பவருக்கு அது உறைக்காது. 10 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் கரும்புள்ளி 30.5 மி.மீ., நடுவிலுள்ள பத்து மதிப்பெண் இடம் வெறும் அரை மி.மீ. புள்ளி. கரும்புள்ளிக்கும் முன் வளையத்துக்கும் நடுவே தெரியும் வெள்ளைக் கோடு எல்லாப் பக்கமும் ஒரே பருமனாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் டிரிகரை அமுக்குகிறோம். கருப்பு வெள்ளை வேறுபாடு குறைந்தால் அந்தக் கோடு போச்சு. போதாக்குறைக்கு, பின் சைட்டின் துளை ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. அதன் வழியே வரும் ஒளி லென்ஸின் சின்ன ஒரு இடத்தை மட்டுமே தொடும்; தலை கொஞ்சம் நகர்ந்தால் வேறு வளையப் படி வழியாகப் போகும், படமும் மாறும்.

நமக்கு வேண்டியது ஒற்றைக் குவிய லென்ஸ், அதாவது மோனோஃபோகல். பட்டியலில் ‘சாதா’ என்று எழுதி மட்டம் தட்டுவது இதைத்தான். மதுரையில் அரோலேப் 1992 முதல் இந்த லென்ஸ்களைச் செய்கிறது; ‘ஜெர்மன் லென்ஸ்’ என்ற சொல்லுக்கு மயங்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாக வைப்பதும் ஒற்றைக் குவியம்தான். அளவு சரியாக எடுக்கப்பட்டிருந்தால் சைட் பார்க்க அதுவே போதும்.

பவர் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி, இதை யாரும் தானாகக் கேட்க மாட்டார்கள். முன் சைட் கண்ணிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. லென்ஸ் பவரின் அளவான டயாப்டர் கணக்கில் (ஒன்றை மீட்டர் தூரத்தால் வகுப்பது) சுமார் 1.1. டார்கெட் 10 மீட்டர், அது 0.1. இரண்டுக்கும் நடு 0.6. தூரத்துக்கு நிறுத்திய கண்ணில் +0.50 அல்லது +0.75 கண்ணாடி போட்டால் பீப் சைட்டின் துளை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும், வளையமும் கரும்புள்ளியும் சேர்ந்தே தெரியும். ஏர் பிஸ்டலில் அந்தத் துளை கிடையாது, முன் சைட்டின் விளிம்பு தெளிவாக இருந்தே ஆக வேண்டும் என்பதால் +0.75 முதல் +1.00 வரை வைத்துப் பார்க்கலாம். இந்த முக்கால் டயாப்டரைக் கண்ணுக்குள்ளேயே வைத்துத் தரச் சொல்லும் ஆட்களும் உண்டு. எங்கள் கருத்து, வேண்டாம். எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் முடிவு அரை டயாப்டர் தள்ளிப் போகலாம். கண்ணாடியை மாற்றலாம், கண்ணுக்குள் போனதை மாற்றுவது லேசில்லை. லென்ஸ் தூரத்துக்கு நிற்கட்டும். கண் ஆறி பவர் நிலைத்ததும், பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரத்தில், சுடும் கண்ணாடிக்கு அளவெடுக்கலாம். ஸ்கோப் வைத்துச் சுடுபவருக்கு இந்தக் கணக்கே வேண்டாம், கண் வைக்கும் பக்கத்து ஐபீஸைத் திருகினால் முடிந்தது.

எந்தக் கண் என்பதிலும் கோட்டை விடுகிறார்கள். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கும் மோனோவிஷன் பேச்சு வந்தால், கையை முக்கோணமாக்கிப் பார்க்கச் சொல்லி ‘ஓங்கிய’ கண்ணுக்கு, அதாவது இயல்பாகக் குறி பார்க்கும் கண்ணுக்கு, தூரம் தருவார்கள். வலது கைக்காரர் சிலருக்கு இடது கண் ஓங்கியிருக்கும். அதை மறைத்துக்கொண்டு வலது கண்ணால்தான் சுடுவார்கள். அவர்களுடைய சுடும் கண் கிட்டத்துக்குப் போய்விடும். “துப்பாக்கிக்கு வைக்கிற கண் இது” என்று விரலை வைத்துக் காட்டி, கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள்.

அளவெடுப்பில் நம் கடற்கரைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வெயிலும் உப்புக்காற்றும் மணலும் பட்ட கண்ணில் மூக்குப் பக்கமிருந்து கருவிழி மேல் சதை ஏறியிருப்பது மண்டபம், பாம்பன், தொண்டி என எங்கும் காண்பதுதான். அந்தச் சதை கருவிழியின் வளைவையே இழுத்து மாற்றிவிடும். சதை இருக்கும்போது எடுத்த வளைவு அளவை வைத்து லென்ஸ் பவர் போட்டால், பின்னால் சதையை எடுக்கும்போது கணக்கு தப்பிப் போகும். பெரிய சதையென்றால் முதலில் அதை எடுத்து, வளைவு நிலைத்த பிறகு அளவெடுப்பதுதான் முறை. முகாம் அவசரத்தில் இதை விட்டுவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள். கண்ணின் நீளத்தையும் ஒளியால் அளக்கும் கருவியில் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணைத் தொட்டு அளக்கும் ஏ-ஸ்கேனில் கை அழுந்தினால் கண் குட்டையாகப் பதிவாகும். ஒரு மில்லிமீட்டர் பிழை என்றால் பவர் இரண்டரை மூன்று டயாப்டர் போய்விடும். புரை ரொம்ப முற்றி ஒளி உள்ளே போகாத கண்ணுக்கு ஏ-ஸ்கேன் தவிர வழியில்லை, அதற்காகவும் புரையை முற்ற விடாதீர்கள்.

சிலிண்டர் பவர் இருப்பவருக்கு அதையும் சேர்த்துத் திருத்தும் டோரிக் லென்ஸ் செலவுக்குத் தகுந்தது. பிஸ்டல்காரர்களுக்கு ரொம்பவே. ஆனால் அது கோணம் பார்த்து உட்கார வேண்டும்: 10 டிகிரி திரும்பினால் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு, 30 டிகிரி திரும்பினால் வைத்ததே வீண். மறுநாள் பரிசோதனையில் கோணம் பார்த்தார்களா என்று கேளுங்கள். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆபரேஷனில் கருவிழித்திரை தொய்ந்து தொல்லை கொடுக்கும். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடி, ஏர்வாடிப் பக்கத்துக்காரர்கள் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் பக்கம் மூடிய கண்ணாடி. ஐந்து கிலோ ரைஃபிளை எப்போது தூக்கலாம் என்பதை மருத்துவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் லென்ஸின் பெயர், மாடல், வகை எழுதிய மதிப்பீடு கையில் வேண்டும். பெட்டியைப் பார்க்கக் கேளுங்கள்; எம்.ஆர்.பி. அதில் அச்சாகியிருக்கும். கண்ணுக்குள் போன லென்ஸின் பவரும் சீரியல் எண்ணும் கொண்ட ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையை டிஸ்சார்ஜ் அன்றே வாங்கிவிடுங்கள். கீழக்கரைக்காரருக்கு அது தரப்படவே இல்லை; உள்ளே இருப்பது மல்டிஃபோகல் என்பதே இன்னொரு மருத்துவர் கண்மணியை விரித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 விதி. புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கொடுத்த தொகைக்குக் கட்டணமில்லாமல் வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள். கீழக்கரைக்காரர் இப்போது பதிவுகளைக் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார். ‘பேப்பர் படிப்பார், பைக் ஓட்டுவார்’ என்று எழுதிய அந்தத் தாளின் நகலும் அதில் கேட்கப்பட்டிருக்கிறது.