டீயை வெட்டுவதா, காரை வெட்டுவதா?

எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு டீக்கடை இருக்கிறது. டீ 15 ரூபாய். ஒரு நாளைக்கு இரண்டு தடவை இறங்கிப் போனால் 30. மாதம் 24 வேலை நாள் என்று வைத்தால் 720. நடுவில் நாலு நாள் வடையும் சேர்ந்தால் கூடக் கொஞ்சம். சிக்கனமாக இருக்கப் போகிறேன் என்று முடிவெடுத்த முதல் மாதம் நான் கை வைத்தது இந்த டீயில்தான். வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டு போக ஆரம்பித்தேன்.

முதல் வாரம் பெருமையாக இருந்தது. 11 மணிக்கு எல்லாரும் இறங்கும்போது நான் மட்டும் சீட்டில் உட்கார்ந்து, பிளாஸ்க் வாடை கலந்த அந்தப் பழைய டீயைக் குடிப்பேன். இரண்டாவது வாரம், "வரீங்களாக்கா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது வாரம்தான் தெரிந்தது, ஆபீஸில் நடக்கும் எல்லாமே அந்த டீக்கடையில்தான் பேசப்படுகிறது என்று. யாருக்கு மாற்றல், யார் மகளுக்கு எந்தக் காலேஜில் சீட், சம்பள உயர்வுக்கு யார் காதில் போட்டு வைக்க வேண்டும், எல்லாம் அங்கேதான். 720 ரூபாயை மிச்சம் பிடித்து, ஊர்ப்பேச்சு முழுவதையும் தொலைத்திருந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அதே மாதம்தான் என் வீட்டுக்காரர் கார் லோன் ஃபாரம் வாங்கிக்கொண்டு வந்தார்.

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. அத்தை, அதாவது மாமியார், சில்லறைக் கட்சி. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு நெஞ்சு எரியும். நான் இப்போது மொத்தக் கட்சி. பெரிய செலவு நாலைந்தைப் பிடித்து நிறுத்திவிட்டால் சின்னச் செலவைப் பார்த்துப் பார்த்துச் சாக வேண்டியதில்லை என்பது என் வாதம். இரண்டு வருடமாக ஒரு நோட்டில் கணக்கு எழுதி வருகிறேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு கட்டம்: மாதம் எவ்வளவு மிச்சம், அதற்காக வீட்டில் எத்தனை முகம் கோணியது. இரண்டாவது கட்டத்தைத்தான் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

கார் இருந்தால், இல்லாவிட்டால்

லோன் ஃபாரத்தை மேஜையில் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. கார் ஒன்பதரை லட்சம். கையிருப்பு ஒன்றரை போக, கடன் 8 லட்சம். வட்டி 9.5 சதவீதம், 7 வருடம். மாதத் தவணை 13,075 ரூபாய் வருகிறது. 84 தவணையையும் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 11 லட்சம். மூன்று லட்சம் வட்டிக்கே போகிறது. இன்ஷூரன்ஸ் வருடத்துக்கு 24,000 என்றால் மாதம் 2,000. மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால், பெட்ரோலுக்கு 3,400. சர்வீஸ், டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து ஆயிரம். மொத்தம் 19,500-ஐத் தொடுகிறது.

கார் இல்லாவிட்டால்? ஆட்டோ, கால் டாக்ஸிக்கு மாதம் 3,500 தாராளமாக ஒதுக்கினோம். கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். ரயிலில் போகலாம், அத்தையைக் கூட்டிக்கொண்டு கல்யாணம் காட்சிக்குப் போக வருடத்தில் இரண்டு தடவை மட்டும் டிரைவரோடு வாடகைக் கார், தடவைக்கு 12,000. அதை மாதத்துக்குப் பிரித்தால் 2,000. ஆக 5,500.

வித்தியாசம் 14,000. ஒரு மாதம் கார் இல்லாமல் இருந்தால் 19 மாதத்து டீக்காசு மிச்சம். இந்த வரியை எழுதிய அன்றே பிளாஸ்கைக் கழுவிப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

ஆனால் முகக் கட்டத்தையும் எழுத வேண்டுமே. ஊரில் ஒரு கல்யாண மண்டப வாசலில் சித்தப்பா முறை ஒருவர், "என்ன மாப்ள, இன்னும் ரயிலுதானா?" என்று கேட்டதில் என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பந்தியில் சரியாகவே சாப்பிடவில்லை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அவருக்குப் பட்டது. பட்டதைப் பட்டது என்றுதானே எழுத வேண்டும்.

இன்னொன்று நிஜமான கஷ்டம். ஒரு நவம்பர் மழை இரவில் அத்தைக்குக் குளிர் காய்ச்சல். ஆப்பில் ஆட்டோ போட்டேன். மூன்று பேர் ஏற்றுக்கொண்டு மூன்று பேரும் ரத்து செய்தார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர், அவர்களையும் குறை சொல்ல முடியாது. கடைசியில் பின்தெரு ஆட்டோ அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பினோம். அன்றைக்கு 'கார் வாங்கியிருக்கலாம்' என்று நானே நினைத்தேன். அன்றிலிருந்து அவர் நம்பர் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பேரம் பேசுவதில்லை, தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்போம். அந்தச் செலவையும் 5,500-க்குள்தான் எழுதுகிறேன்.

வீட்டில் அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோயாளியோ, ரயிலும் பஸ்ஸும் எட்டாத இடத்தில் வேலையோ இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. எங்களுக்கு ஒத்துவந்தது.

கிண்டிக்குப் பக்கமா, பெருங்களத்தூரா

ஆபீஸ் சென்னை கிண்டியில். அங்கே பக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு கேட்டபோது 28,000 சொன்னார்கள். புறநகரான பெருங்களத்தூரில் 14,000. மின்சார ரயில் சீசன் டிக்கெட் மாதம் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. இந்தக் காலத்தில் அது ஒரு பிரியாணி விலை. ஸ்டேஷனிலிருந்து பஸ் ஏறினாலும், 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம்.

போக வர ஒன்றரை மணி நேரம் போகிறதே என்பார்கள். போகிறதுதான். ஆனால் லேடீஸ் கம்பார்ட்மென்டில் போகிற நேரத்தை நான் வீண் கணக்கில் எழுதுவதில்லை. தாம்பரத்தில் ஏறும் ஒரு அக்கா தினமும் மடியில் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டே வருவார். பல்லாவரம் தாண்டுவதற்குள் பக்கத்தில் இருக்கும் நாலு பேர் கை சேர்ந்து கட்டு முழுதும் முடிந்துவிடும். யாருக்காவது பிறந்தநாள் என்றால் எவர்சில்வர் டப்பாவில் கேசரி வரும். பத்து ரூபாய்க்கு ஹேர்கிளிப், பூ, எல்லாம் சீட்டுக்கே வரும். என் மகளுக்குக் கணக்கு டியூஷன் டீச்சர் கிடைத்தது இந்தப் பெட்டியில்தான்.

வீட்டுக்காரர் ஜெனரல் பெட்டியில் தொங்கிக்கொண்டு போகிறார். அவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்.

விளக்கை அணைப்பதா, ஃபேனை மாற்றுவதா

இதில்தான் அத்தைக்கும் எனக்கும் நேருக்கு நேர் போட்டி.

ஆளில்லாத அறையில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று தினமும் 5 மணி நேரம் எரிகிறது என்று வைப்போம். இரண்டு மாதத்தில் அது குடிப்பது 2.7 யூனிட். அதற்காக நாளைக்குப் பத்து தடவை பிள்ளைகளைத் திட்ட வேண்டும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். தினமும் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. 27 யூனிட்டில் முடியும். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், யாரையும் திட்டாமல். மூன்று ஃபேனை மாற்ற 9,000 ரூபாய் ஆனது. அந்த மாதம் வலித்தது, அப்புறம் மறந்தே போய்விட்டது.

தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்று நினைக்காதீர்கள். 101-லிருந்து 200 வரை கிடைத்துவந்த குறைந்த விலையும் கைவிட்டுப் போய்விடும். 490-இல் நிற்பதும் 510-இல் நிற்பதும் ஒன்றல்ல. எங்களுக்கு 500 என்பது லட்சுமணன் கோடு.

அந்தக் கோட்டைக் கோடையில் காப்பாற்றுவது ஏசியை வைத்துத்தான். எங்கள் ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கிறது. இரண்டு அறைக்கும் ஏசி போடலாம் என்று பேச்சு வந்தது. போடவில்லை. கத்திரி வெயில் நாட்களில் ஐந்து பேரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிறோம். விளக்கை அணைத்த பிறகு அத்தை தன் சின்ன வயதில் காவிரியில் வெள்ளம் வந்த கதையைச் சொல்வார். பையன், "அப்புறம் பாட்டி?" என்று கேட்டபடியே தூங்கிப்போவான். ஜூன் பிறந்து அவரவர் அறைக்குப் போகும்போது பிள்ளைகள்தான் முணுமுணுக்கிறார்கள். முகக் கட்டத்தில் மிச்சமும் சிரிப்பும் சேர்ந்து எழுதிய ஒரே வரி இது.

அத்தை தோற்றுவிட்டார் என்று சொல்லவில்லை. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25 ரூபாய். மாதம் தவறாமல் வரிசையில் நின்று வாங்கி வருவது அவர்தான். அங்கே அவருக்குத் தோழிகள் நாலு பேர். போகாதே என்றாலும் கேட்க மாட்டார். யாரையும் வருத்தாத சில்லறை மிச்சம் என்றால் நானும் அவர் கட்சிதான். கடையில் கொசுறு கறிவேப்பிலை கேட்க எனக்கு வெட்கமே கிடையாது.

நகைச் சீட்டு, போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 11 மாதம் கட்டினால் சேதாரத்தில் சலுகை என்பது நகைக்கடைச் சீட்டு. வீட்டில் ஒரு விசேஷம் வருகிறது, நகை எடுத்தே ஆக வேண்டும் என்றால் அது நல்லதுதான். சேமிப்பு என்று நினைத்துக் கட்டினால் ஏமாற்றம். வாங்கும்போது 3 சதவீதம் ஜிஎஸ்டி. விற்கும்போது கொடுத்த செய்கூலியை யாரும் திருப்பித் தருவதில்லை. தங்கம் விலை ஏறுகிறதே என்றால், ஏறுவது தங்கம். நாம் சேர்த்தது நகை. கார் வாங்காமல் மிச்சமாகும் 14,000-இல் பத்தாயிரத்தைப் போஸ்ட் ஆபீஸ் ஐந்து வருட ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில் போடுகிறோம். மீதியை என்ன செய்கிறோம் என்று கீழே வருகிறது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை

ஒரு ஞாயிறு அத்தையை விட்டுவிட்டு நாங்கள் நாலு பேரும் மாலுக்குப் போனோம். டிக்கெட்டும் புக்கிங் கட்டணமும் 880, பாப்கார்னும் கூல்டிரிங்ஸும் 900, ஃபுட் கோர்ட்டில் 1,200, ஆட்டோ 500. ஆக 3,480. படம் சுமார். பாப்கார்ன் இடைவேளைக்கு முன்பே தீர்ந்தது.

அடுத்த ஞாயிறு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்த ஒன்பது மாடிக் கட்டிடம். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, ஏசி, நுழைவுக் கட்டணம் கிடையாது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அதை நாம் இப்படித்தான் திருப்பி எடுக்க முடியும். மகள் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. அங்கிருந்து பெசன்ட் நகர் கடற்கரை. சுண்டல், மிளகாய்த்தூள் போட்ட மாங்காய், திரும்பும் வழியில் ஐஸ்கிரீம். ரயில் பஸ் எல்லாம் சேர்த்து 310 ரூபாய்.

இங்கே நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் பையன் நூலகத்தில் முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு கொட்டாவி விட ஆரம்பித்தான். அவனுக்கு மால்தான் பிடிக்கும், பெரிய திரைதான் பிடிக்கும். ஸ்கூலில் மற்ற பிள்ளைகள் படத்தைப் பற்றிப் பேசும்போது இவன் மட்டும் விழிக்க வேண்டுமா? டீக்கடைக்குப் போகாமல் நான் பட்ட பாடுதான் ஞாபகம் வந்தது. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மால் உண்டு. பாப்கார்னோடு. மிச்சமான அந்த 4,000-இலிருந்து எடுப்பதால் யாரும் விலைப்பட்டியலைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. என் டீயும் அதில்தான்.

நோட்டில் இன்னும் தீராத வரி ஒன்று இருக்கிறது. அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, அறுவை சிகிச்சை பற்றி டாக்டர் பேச ஆரம்பித்திருக்கிறார். அதற்கப்புறம் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் பிசியோதெரபிக்கும் அலைச்சல். ஆட்டோவில் காலை மடக்கி ஏற அவரால் முடியாது. பழைய கார் ஒன்று மூன்று லட்சத்துக்குள் கிடைக்குமா என்று வீட்டுக்காரர் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். போன வாரம் நானே நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, 'கார் - பழசு' என்று தலைப்பு எழுதி வைத்திருக்கிறேன்.