மண்ணா, நெருப்பா, மருத்துவக் கல்லூரியா?

அப்பத்தாவை ஊர் மயானத்தில் புதைத்தார்கள். பெட்டி இல்லை, சிமெண்ட் இல்லை. கோடித்துணி, உப்பு, திருநீறு, அப்புறம் ஆளுக்கு ஒரு கை மண். சில வருடங்களில் மேடு அமிழ்ந்து எருக்கஞ்செடி முளைத்துவிட்டது.

அப்பாவை ஐப்பசி மழையில் எரித்தோம். விறகும் வறட்டியும் அடுக்கி, வைக்கோல் போர்த்தி மண் பூசியும் ஈரத்தில் தீ சரியாகப் பிடிக்கவில்லை. மறுநாள் காடாற்றப் போனபோது உடல் முழுதாக வேகவில்லை. மறுபடி விறகு வாங்கி அடுக்கினோம். அந்தக் காலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு சிதைக்குச் சில நூறு கிலோ மரம் போகிறது என்பதெல்லாம் எனக்கு அடுத்த காரணம்தான்.

எரிவாயு தகன மேடையில் இந்தத் தவிப்பு கிடையாது. மழை பெய்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்து, அன்றைக்கே அஸ்தி கைக்கு வருகிறது. அதுவும் எரிபொருள்தான், புகைதான். ஆனாலும் மரம் மிஞ்சுகிறது. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறு. எங்கள் ஊரில் சாதிக்கொரு சுடுகாடு, சாதிக்கொரு பாதை. நகரத்துத் தகன மேடையில் யார் வந்தாலும் அதே உலை. பெண்களும் அங்கே கடைசிவரை வருகிறார்கள். அத்தை இறந்தபோது கொள்ளி வைத்தது அவர் மகள்தான்.

சரி, புதைப்பது? ஆதிச்சநல்லூர்த் தாழிகள் சொல்வதுபோல் அது நமக்குப் பழைய வழக்கம். அப்பத்தாவைப் புதைத்த மாதிரி புதைத்தால், அதைவிடப் பசுமையான வழி எதுவும் இல்லை என்பேன். ஆனால் இன்று குழிக்குமேல் சிமெண்ட், அதன்மேல் கிரானைட் என்று ஆகிவிட்டது. ஒருவருக்காகப் பூசிய ஆறடி நிலம் அப்படியே முடங்கிவிடுகிறது. நகரத்தில் அந்த ஆறடிக்கே அலைய வேண்டும்.

வெளிநாட்டில் புது வழிகள் வந்திருக்கின்றன. 2021இல் மறைந்த தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் உடலைக் காரம் கலந்த வெந்நீரில் கரைத்தார்கள். உடலை மரச்சீவல், வைக்கோலோடு சேர்த்து உரமாக்க அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2019இல் சட்டம் போட்டது. இரண்டுமே நல்ல வழிகள்தான், ஆனால் நம் ஊரில் கேட்டால் கிடைக்காது.

கிடைப்பது உடல் தானம். என் முதல் விருப்பமும் அதுதான். நாளைய மருத்துவர்கள் என் உடம்பில் பாடம் படிக்கட்டும். கண்களை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் வேறு யாருக்காவது பார்வை கிடைக்கும். பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும், தொற்றுநோயில் இறந்தவர் உடலையும் பொதுவாகக் கல்லூரிகள் ஏற்பதில்லை. எனக்கு அப்படி நேர்ந்தால் எரிவாயு மேடை போதும், விறகு வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள்: நாம் எழுதி வைத்தால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் வீட்டார்தான் உடலைக் கொடுக்க வேண்டும். படிவத்தை மனைவியிடம் நீட்டினேன். "அப்போ பால் ஊத்த நான் எங்கே போறது?" என்று கேட்டாள். வாசல் வேம்புக்கு ஊற்று என்றேன். இரண்டு மாதமாகப் படிவம் சாமி அலமாரியில் இருக்கிறது. அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.