சனிக்கிழமை கிரேக்கப் புராண வகுப்பு: போகலாமா?

சிங்கப்பூரில் பிராஸ் பாசா பக்கம் ஒரு சின்னக் கலை மையத்தில் கிரேக்கப் புராணத்தையும் ஓவியத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் வார இறுதி வகுப்பு நடக்கிறது. நான்கு சனிக்கிழமை, காலையில் இரண்டு மணி நேரம், கட்டணம் 180 வெள்ளி. நான் உட்லண்ட்ஸில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பவள். உயர்நிலை 3-இல் ஆங்கில இலக்கியம் படிக்கும் அண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகப் போகலாம். ஓவியத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இங்கே இல்லை. இலக்கியத்துக்காக மட்டும் போகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும்.

யார் யாருக்குப் பிள்ளை, எந்தத் தெய்வத்துக்கு எந்த ஆயுதம் என்கிற பட்டியலெல்லாம் முதல் அரை மணி நேரத்தோடு சரி. அதற்கப்புறம் எல்லா வாரமும் ஒரே கேள்விதான்: இந்தக் கலைஞர் கதையின் எந்தக் கணத்தைப் பிடித்திருக்கிறார்? ஆசிரியை முதலில் படத்தை மட்டும் காட்டுவார். கதை சொல்ல மாட்டார். பத்து நிமிடம் சும்மா பார்க்க வேண்டும், கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும். பிறகு அந்தக் கதை வரும் கவிதைப் பகுதியை வாசிப்பார். மறுபடியும் அதே படம். இரண்டாம் முறை பார்க்கும்போது அது வேறு படம்.

வாசித்ததில் பெரும்பகுதி ஓவிட்டின் ‘உருமாற்றங்கள்’. கிரேக்கக் கதைகளை லத்தீனில் பாடிய ரோமானியக் கவிஞர் அவர். 15 காண்டங்கள், ஏறத்தாழ 12,000 அடிகள். கி.பி. 8-இல் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் ஓரத்திலிருந்த தோமிஸுக்கு நாடு கடத்தினார். இன்று ருமேனியாவில் இருக்கும் கான்ஸ்டான்ட்சா நகரம்தான் அது. ஓவிட் ஊர் திரும்பவே இல்லை, அங்கேயே இறந்தார். ஆனால் மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் பெரும்பாலும் அவர் வழியாகத்தான் கிரேக்கத் தெய்வங்களைப் பார்த்தார்கள்.

பெர்னினியின் ‘அப்போலோவும் டாஃப்னியும்’ சிற்பத்தை எடுத்துக்கொண்ட நாளை என்னால் மறக்க முடியாது. 1622-க்கும் 1625-க்கும் இடையில் செதுக்கியது, ரோமில் போர்கேசே மாளிகையில் இருக்கிறது. ஆசைகொண்டு துரத்தி வரும் அப்போலோ என்னும் தெய்வத்திடமிருந்து தப்பிக்க, டாஃப்னி நதித் தெய்வமான தன் அப்பாவைக் கூப்பிடுகிறாள். உடனே மரமாக மாறத் தொடங்குகிறாள். அவள் ஓடுவதையோ முழு மரமாக நிற்பதையோ பெர்னினி எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிறுத்தியிருக்கிறார். விரல் நுனியில் இலை விடுகிறது, கால் விரலில் வேர் இறங்குகிறது. அப்போலோவின் கை அவள் இடுப்பை எட்டிவிட்டது, ஆனால் கைக்கும் உடம்புக்கும் நடுவே மரப்பட்டை வந்துவிட்டது. அந்தப் பட்டைக்கு அடியில் இதயம் இன்னும் துடிப்பதை அப்போலோ உணர்ந்ததாக ஓவிட் எழுதுகிறார். அதை வாசித்துவிட்டு ஆசிரியை மறுபடி அந்தக் கையைப் பெரிதாக்கிக் காட்டியபோது அறையில் யாரும் பேசவில்லை.

எனக்கு உடனே அகலிகை ஞாபகம் வந்தது. வால்மீகியில் அவள் யார் கண்ணுக்கும் படாமல் சாம்பலில் கிடக்கிறாள். கம்பரிடம் கல்லாகிறாள். பழைய கதையை எடுத்து, ஓர் இடத்தை மாற்றித் தனதாக்கிக்கொள்வது நமக்குப் பழக்கமான வேலைதானே. வகுப்பில் இதைச் சொன்னேன். ஆசிரியை ஆர்வமாகக் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் விசாரித்தார்.

மூன்றாம் வாரம் ‘இக்காரஸின் வீழ்ச்சி’. அப்பா மெழுகு வைத்துச் செய்து கொடுத்த சிறகோடு சூரியனுக்கு மிக அருகே பறந்து, மெழுகு உருகிக் கடலில் விழுந்த பையன்தான் இக்காரஸ். ப்ரூகலின் பெயரில் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஓவியம். அவர் வரைந்ததன் நகல் என்றே இன்று பலரும் கருதுகிறார்கள். படத்தின் முன்னால் பெரிதாக, சிவப்புச் சட்டை போட்ட ஓர் உழவன். அவனுக்குக் கீழே ஆடு மேய்ப்பவன், வலது ஓரத்தில் தூண்டில் போடுபவன். பச்சைக் கடலில் பாய்மரக் கப்பல். இக்காரஸ் எங்கே? “அத்தை, அங்க பாருங்க, ரெண்டு காலு!” என்றாள் அண்ணன் மகள். ஆமாம், கப்பலுக்குப் பக்கத்தில் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கும் கால்கள். அவ்வளவுதான் அவன்.

அப்புறம் ஓவிட்டை வாசித்தோம். அதே உழவன், அதே மேய்ப்பன், அதே தூண்டில்காரன். ஆனால் கவிதையில் மூவரும் வானத்தில் பறப்பவர்களை அண்ணாந்து பார்த்து, தெய்வங்கள் என்று நினைத்து வியக்கிறார்கள். ஓவியத்தில் ஒருவருமே விழுந்தவனைப் பார்க்கவில்லை. மேய்ப்பன் மட்டும் அண்ணாந்திருக்கிறான், அதுவும் எதிர்ப்பக்கம். தூண்டில்காரன் அருகே ஒரு கிளையில் கௌதாரி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இக்காரஸின் தந்தை டீடலஸ், கெட்டிக்காரனாக இருந்த தன் சகோதரி மகனைப் பொறாமையில் உயரத்திலிருந்து தள்ளிவிட்டவர். அதீனா அந்தப் பையனைக் கௌதாரியாக்கிக் காப்பாற்றினாள். டீடலஸ் தன் மகனைப் புதைக்கும்போது அந்தப் பறவை சிறகடித்து மகிழ்ந்தது என்கிறார் ஓவிட். இவ்வளவும் தெரியாமல் இந்தப் படத்தை நான் எத்தனையோ புத்தகத்தில் பார்த்திருக்கிறேன்.

டபிள்யூ. எச். ஓடன் 1938-இல் இந்த ஓவியத்தை வைத்து எழுதிய கவிதையோடு அன்றைய வகுப்பு முடிந்தது. ஓவிட், ப்ரூகல், ஓடன் என்று ஒரே கதை கை மாறி வருவதை இவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை. டிஷியனின் ‘பேக்கஸும் அரியாட்னியும்’ வகுப்பும் நன்றாகவே இருந்தது. மதுவின் தெய்வமான பேக்கஸ், அரியாட்னியைக் கண்டதும் தேரிலிருந்து குதிக்கிறான், கால் இன்னும் தரையைத் தொடவில்லை. இடது ஓரத்தில், அரியாட்னியைக் கைவிட்டுப் போகும் அவள் காதலன் தீசியஸின் கப்பல், விரல் நகம் அளவுக்கு. போத்திச்செல்லியின் வீனஸ் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சீக்கிரம் கடந்துவிட்டார்கள்.

இனிக் குறைகள். புரொஜெக்டர் பழசு. டிஷியனின் வானத்து நீலம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. வண்ணத்தைப் பற்றிப் பேசும் வகுப்பில் இதைச் சரிசெய்யாமல் இருப்பது தவறு. கையேடும் கறுப்பு வெள்ளை. கடைசி வாரத்தில் ஹோமர் தொடங்கி ஜேம்ஸ் ஜாய்ஸ் வரை ஒரே மூச்சில் ஓடினார்கள். 1922-இல் வந்த ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவல், ஹோமர் பாடிய ஒடிசியஸின் பத்து வருட அலைச்சலை டப்ளின் நகரத்தின் ஒரே நாளுக்குள் எப்படிக் கொண்டுவந்தது என்பதற்கே ஒரு வாரம் வேண்டும்.

எனக்குப் பெரிய வருத்தம் வேறு. கிரேக்கத் தெய்வங்கள் மேற்கே மட்டும் போகவில்லை. இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கம் இருந்த காந்தாரத்தின் சிற்பங்களில், கிரேக்க வீரன் ஹெராக்ளிஸ், புத்தருக்குக் காவலாக நிற்கும் வஜ்ரபாணியின் உருவத்துக்குள் வந்துவிட்டார். ட்ரோஜன் குதிரைக் காட்சியைச் செதுக்கிய காந்தாரப் பலகை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் நெடுநல்வாடையில் அரண்மனைக்கு வெளிச்சம் தருவது யவனர், அதாவது கிரேக்க-ரோமானியர், செய்த பாவையின் கையிலிருக்கும் அகல். சிங்கப்பூரில் நடக்கும் வகுப்பு இந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கலாமா? எம்பிரஸ் பிளேஸில் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் காந்தாரச் சிற்பங்கள் இருக்கின்றன. ஒரு வாரத்தை அங்கேயே வைக்கலாம். கருத்துப் படிவத்தில் இதை விரிவாக எழுதிக் கொடுத்தேன்.

வெளியே கூட்டிப்போனது ஒரே ஒரு முறை, தேசியக் கலைக்கூடத்தின் முகப்பைப் பார்க்க. 1939-இல் உச்ச நீதிமன்றமாகக் கட்டிய கட்டடம் அது. கொரிந்தியத் தூண்களுக்கு மேலே, இத்தாலியச் சிற்பி நோலி செய்த முக்கோணச் சிற்பத் தொகுதியின் நடுவில் நீதி தேவி. எதிரே இருக்கும் பாடாங் திடல் பக்கம் எத்தனையோ முறை நடந்திருக்கும் அண்ணன் மகள், கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது, ஆனால் எளிய ஆங்கிலம். பயிற்சிகளுக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்த முடியாது. நிர்வாண ஓவியங்களும் கடத்தல், பலாத்காரக் கதைகளும் வரும். ஆசிரியை அவற்றை மழுப்பாமல், பொறுப்பாகப் பேசுகிறார். இருந்தாலும் 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை நான் அனுப்ப மாட்டேன். ஓவிட்டின் முதல் காண்டத்தையும் எட்டாம் காண்டத்தையும் முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். மொழிபெயர்ப்புகள் அருகிலேயே, விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் கிடைக்கும். முன் வரிசையில் உட்காருங்கள். அந்தப் புரொஜெக்டரில் பின்னாலிருந்து கௌதாரி தெரியாது.