சைடு அப்பரா, ஸ்லீப்பர் பஸ்ஸா?

எனக்கு ஆட்டிசம் என்று 34 வயதில்தான் உறுதியானது. அதுவரை வீட்டில் "ஊருக்குக் கிளம்பினாலே மூஞ்சியைத் தூக்கி வைச்சுக்கிறவன்" என்றுதான் பேர். அம்மாவைப் பார்க்க மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறேன். இரண்டு வருடம் ஆம்னி ஸ்லீப்பர் பஸ், இப்போது ஒன்றரை வருடமாகப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரண்டாம் வகுப்பு ஏசி. இரண்டுமே ராத்திரி ஏறி விடிகாலை இறங்குவதுதான். பண்டிகை நாளில் பஸ் கட்டணம் எகிறுவது ஊருக்கே தெரியும்.

பஸ்ஸில் ஒரு நல்லது உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எந்தப் படுக்கை என்று நாமே பார்த்து எடுக்கலாம். ஒற்றைப் படுக்கை வரிசையில் திரையை இழுத்துவிட்டால் பக்கத்தில் ஆள் கிடையாது. ரயிலில் சைடு அப்பர் (நடைவழியை ஒட்டிய மேல் படுக்கை) வேண்டும் என்று கேட்கத்தான் முடியும், கிடைத்தால் உண்டு.

ஆனால் என்னை ஒடித்தது சத்தமோ நெரிசலோ இல்லை, அதற்கு ஹெட்போன் இருக்கிறது. போன்தான். பெருங்களத்தூரில் பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்கும்போது தெரியாத நம்பரிலிருந்து பஸ்காரர், "சார் எங்க நிக்கிறீங்க? பாலத்துக்கு முன்னாடியா, தாண்டியா?" பின்னால் ஹாரன். பதில் சொல்ல வாய் வராது. ஒருமுறை அப்படியே கட் செய்துவிட்டேன், பஸ் என்னைத் தாண்டிப் போனது. அப்புறம் நடுராத்திரியில் எங்கோ நிறுத்தி விளக்கையெல்லாம் போடுவார்கள், பத்து நிமிடமா அரை மணியா என்று யாருக்கும் தெரியாது. கழிவறைக்கும் அந்த நிறுத்தத்தைத்தான் நம்ப வேண்டும். இதெல்லாம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே படுத்திருப்பதில் விடிந்துவிடும்.

ரயிலில் யாரும் கூப்பிடுவதில்லை. எழும்பூரில் பெட்டி எங்கே நிற்கும் என்று பலகையிலேயே தெரியும், டிடிஇ வந்தால் அடையாள அட்டையை நீட்டினால் போதும். தாம்பரம், செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தூங்கிவிடலாம், வண்டி தாமதமானாலும் அந்த வரிசை மாறாது. மூன்றாம் வகுப்பு ஏசியில் மறைக்கத் திரை கிடையாது, அதனால்தான் கூடக் கொடுத்து இரண்டாம் வகுப்பு. அதிலும் சைடு அப்பர் என்றால் நம் இடத்தில் யாரும் வந்து உட்கார முடியாது. உயரமானவர்களுக்குக் கால் இடிக்கும், நான் ஐந்தடி மூன்று அங்குலம். அவர்கள் தரும் கம்பளி குத்துகிறது, துவைத்துத் துவைத்து மெலிந்த என் பழைய போர்வையைக் கொண்டுபோகிறேன்.

விமானம் ஒரே முறைதான் போயிருக்கிறேன். சோதனையில் உடம்பைத் தடவியது மட்டும்தான் நினைவில் நிற்கிறது, ஒரு பயணத்தை வைத்து நல்லது கெட்டது சொல்வது நியாயமில்லை. குழந்தையைக் கூட்டிப் போகிறவர்களின் கணக்கும் வேறாக இருக்கலாம்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அப்படியும் முழுப் படுக்கை உறுதியாகாமல் ஆர்ஏசி வந்து மாட்டினால், சைடு லோயரில் முன்பின் தெரியாதவரோடு பாதிப்பாதியாக உட்கார்ந்து போக என்னால் ஆகாது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு பஸ்தான், அதுவும் சாலையோரம் காத்து நிற்காமல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கே போய் ஏறிக்கொள்வேன்.