சுங்கான் நெபுலாவுக்கு 135 மி.மீ. லென்ஸா, 8 அங்குலத் தொலைநோக்கியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துத் திடலில் போன ஜூலை மாதம் எடுத்த படம் இப்போது வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பால்வீதியின் மஞ்சள் வெளிச்சத்துக்கு நடுவே கரியால் தீற்றியதுபோல் ஒரு சுங்கான். பைப் நெபுலா என்ற விண்வெளித் தூசி மேகம் அதுதான். அதை எடுத்தது எஃப் 2 திறப்புள்ள 135 மி.மீ. கேமரா லென்ஸ். ஈப்போவில் இருக்கும் என் மச்சான் 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி, அதாவது கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் வகை, வைத்திருக்கிறார். இரண்டையும் அதே திடலில் வைத்துப் பார்த்துவிட்டேன். இருண்ட நெபுலாவுக்கென்று வாங்குபவருக்கு லென்ஸையும், வானத்தின் சுழற்சியோடு கேமராவைத் திருப்பும் ஒரு சின்ன டிராக்கரையும்தான் சொல்வேன்.

விலையும் எடையும் எல்லாருக்கும் தெரிந்தவை. லென்ஸ், டிராக்கர், முக்காலி மூன்றும் மோட்டார் சைக்கிளில் போய்விடும். தொலைநோக்கிக்குக் காரும் கூட ஓர் ஆளும் வேண்டும்.

இருண்ட நெபுலா தானாக ஒளிர்வதில்லை. அது குளிர்ந்த தூசி. பின்னாலுள்ள நட்சத்திரங்களை மறைப்பதால்தான் கண்ணுக்கு உருவம் கிடைக்கிறது. ஆகவே சுற்றிலும் நட்சத்திரக் கூட்டம் படத்துக்குள் இருந்தால்தான் இருள் இருளாகத் தெரியும். சுங்கான் ஏறக்குறைய 7 பாகை நீளம். சாதாரண ஏ.பி.எஸ்.-சி (நடுத்தர அளவு உணரியுள்ள) கேமராவில் 135 மி.மீ. லென்ஸ் 9 பாகைக்கு மேல் அகலம் காட்டும். முழுதும் ஒரே சட்டத்தில் அடங்கும். மச்சானின் 1000 மி.மீ. குவியத் தூரமுள்ள தொலைநோக்கிக் குழாயில் அகலம் 1.3 பாகைகூட இல்லை. ஒரே வரிசையாக ஒட்டினாலும் ஆறேழு சட்டம் வேண்டும். இந்த இருள்களைத் தேடித் தொகுத்த அமெரிக்க வானியலாளர் எட்வர்ட் பர்னார்டும் 1889-இல் லிக் ஆய்வகத்தில் பால்வீதியைப் படமெடுத்தது, முகப்படம் பிடிக்கச் செய்த 6 அங்குல லென்ஸில்தான். 1919-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 182 இருள்கள் இருந்தன.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது துருவ நட்சத்திரம்.

வானம் சுழலும் அச்சுக்கு நேராக மவுண்டை, அதாவது கருவியைத் தாங்கிச் சுழற்றும் தாங்கியை, திருப்பி வைக்காவிட்டால், எந்தக் கருவியிலும் நட்சத்திரங்கள் கோடாகிவிடும். ஐரோப்பாவில் இருப்பவர் தலையை நிமிர்த்தி, அந்த அச்சருகே நிற்கும் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் நேர் செய்துவிடுவார். நாம் இருப்பது வட அகலாங்கு 4.8 பாகையில். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஐந்து பாகைதான் ஏறும். எங்கள் திடலுக்கு வடக்கே செம்பனை வரிசை. இத்தனை வருடத்தில் அங்கிருந்து அந்த நட்சத்திரத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மரத்தை வெட்டினாலும் அந்த உயரத்தில் மூட்டம் மறைத்துவிடும். தென் துருவமோ அடிவானத்துக்குக் கீழே.

மிஞ்சுவது திசைகாட்டியும் கோணமானியும். தீபகற்ப மலேசியாவில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றே என்பது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். முக்காலியின் இரும்பிலிருந்து தள்ளி நின்று திசை குறித்தால் அரைப் பாகைப் பிழைக்குள் வந்துவிடலாம். அரைப் பாகைப் பிழையென்றால் நட்சத்திரம் நிமிடத்துக்கு 8 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை) வரை நகரும். என் கேமராவில் 135 மி.மீ. லென்ஸுக்கு அது ஒரு பிக்சலைச் சற்றுத் தாண்டும். ஒரு நிமிடப் படங்களாகத் தொண்ணூறு எடுத்து அடுக்கிவிடலாம். 1000 மி.மீ. குழாயில் அதே பிழை ஒன்பது பிக்சல். நட்சத்திரம் அரிசியாக நீண்டுவிடும்.

அந்த ஒன்பதைக் குறைக்க, உச்சிக்கோட்டருகே (தலைக்கு மேல் வடக்கு தெற்காகப் போகும் கோடு) ஒரு நட்சத்திரத்தையும் கிழக்கே தாழ்வாக இன்னொன்றையும் பிடித்து, அவை வடக்கே தெற்கே நழுவுவதைப் பார்த்துப் பார்த்துத் திருகவேண்டும். கிழக்கிலும் செம்பனைதான். முதல் இரவு ஒன்றே முக்கால் மணி நேரம் போயிற்று. முடித்து நிமிர்ந்தபோது மேகம் கூடிவிட்டது. நம் ஊரில் ஒரு நல்ல இரவு என்பதே பல நாள் இரண்டு மணி நேரம்தான். மடிக்கணினி இருந்தால் வானத்தில் மூன்று இடங்களைப் படமெடுத்து அச்சைக் கணக்கிடும் மென்பொருள் உண்டு. மச்சான் அதைக் கொண்டுவந்த இரண்டு இரவும் இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. நான் அவருடைய குழாயோடு கழித்தது மொத்தம் ஆறு இரவு; நாள்பட்டுப் பழகியவர் கை இன்னும் வேகமாக ஓடும். அப்படியும் கணினி, மின்கலம், கம்பிகள் எல்லாம் பனியில் நனைந்தபடி கிடக்கும். என் டிராக்கரைத் திடலில் வைத்துப் பத்து நிமிடத்தில் முதல் படம் வந்துவிடுகிறது.

பனி விஷயத்தில் தொலைநோக்கி மேல். அதன் கண்ணாடி குழாயின் அடியில் பத்திரமாக இருக்கும். லென்ஸின் முகப்பு அரைமணியில் வியர்த்துவிடும், சூடேற்றும் பட்டை கட்டியே ஆகவேண்டும். பூஞ்சைக்கு எதிராக லென்ஸ் ஈரம் உறிஞ்சும் பெட்டிக்குள் போய்விடும். அவ்வளவு பெரிய குழாயை எந்தப் பெட்டியில் வைப்பது?

வெளிச்ச மாசுக்கான வடிகட்டியை இரண்டுக்கும் வாங்க வேண்டாம். தூசியின் உருவத்தைக் காட்டும் நட்சத்திர ஒளி எல்லா நிறத்திலும் பரவியது. வடிகட்டி அதையும் சேர்த்து வெட்டும். எங்களுக்குத் தெற்கே ஈப்போவின் வெளிச்சம். தென் சிலுவை அருகே இருக்கும் கரிமூட்டை நெபுலா 22 பாகைக்கு மேல் ஏறாது. அதை அந்த வெளிச்சம் விழுங்கிவிடுகிறது. சுங்கான் தப்புகிறது. விருச்சிகக் கொடுக்குக்கு மேலே, ஜூலை நடுவில் இரவு 11 மணிக்குச் சற்றுப் பின், 58 பாகை உயரத்தில் நிற்கும்.

குதிரைத்தலை நெபுலாவுக்கு மட்டும் என் பேச்சை மாற்றிக்கொள்வேன். பர்னார்ட் 33 என்ற அந்த இருள் ஒரு பாகையில் பத்திலொரு பங்குதான். லென்ஸில் அது ஒரு கடுகு. அது நம் தலைக்கு மேலேயே கடக்கிறது என்பதால் ஜனவரியில் மச்சானை மறுபடி அழைத்திருக்கிறேன், மடிக்கணினியோடு.