பிசிறு எடுக்க எது தேவலை: திரவ நைட்ரஜனா, டிரை ஐஸா?

காரைக்குடிப் பக்கத்துச் சின்ன ரப்பர் பட்டறையில் பிசிறு எடுக்க, அதாவது அச்சில் வார்த்த சாமானின் விளிம்பில் ஒட்டி நிற்கும் மெல்லிய ரப்பரை நீக்க, நமக்குத் தெரிந்த வழி கத்தரிக்கோல்தான். வாஷர் பெரிதாக இருந்தால் அதுவே போதும். சுண்டுவிரல் நகம் அளவு ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) மூட்டை மூட்டையாக வரும்போதுதான் கட்டுப்படியாகாது. நாங்கள் திரவ நைட்ரஜன், டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) இரண்டையும் விசாரித்து, நைட்ரஜன் மெஷினை வாங்கினோம்.

அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான். குளிரில் மெல்லிய பிசிறு முதலில் விறைத்து அப்பளமாக நொறுங்கும். தடித்த உடல் தப்பிக்கும்.

டிரை ஐஸ் டிரம்மில் செலவு குறைவு. சாமானோடு ஐஸைப் போட்டுச் சுற்றினால் சரி. மைனஸ் 78 டிகிரி, நைட்ரைல் ரப்பருக்குத் தாராளம். சிலிகோன் ரப்பர் அந்தக் குளிரில் நொறுங்கும் பதத்துக்கு வராது. எங்களுக்குச் சிலிகோன் ஆர்டர் எப்போதாவதுதான் வரும் என்பதால், அதில் என் பேச்சைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நைட்ரஜன் கொதிப்பதே மைனஸ் 196இல். அதற்காக அவ்வளவு குளிரும் சாமானுக்குக் கொடுப்பதில்லை. ரப்பருக்கு ஏற்ற டிகிரியை வைத்துவிட்டால் வால்வு அளவாகத் திறந்து மூடும். கூடவே பாலிகார்பனேட் குருணை வேகமாக அடித்துப் பிசிறை உதிர்க்கும். குளிர் மிஞ்சினால் சாமானே விளிம்பில் சில்லுப்போகும். டிரை ஐஸில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நான் நைட்ரஜன் பக்கம் சாய்ந்தது இதனால்தான்.

ஆனால் வாங்குமுன் கணக்குப் போட வேண்டியது மெஷின் விலையை அல்ல, ஆவியாகும் காசை. டிரை ஐஸ் தெர்மாகோல் பெட்டியிலேயே கரைந்து போகும். நைட்ரஜனும் நிற்காது. மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவரின் நைட்ரஜன் கேனைப் பார்த்திருப்பீர்கள், மூடி இறுக்கமாக இருக்காது. இறுக்கினால் அழுத்தம் ஏறி வெடிக்கும். பெரிய தொட்டியிலும் வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தினமும் கொஞ்சம் போய்க்கொண்டேதான் இருக்கும். அதைவிடப் பெரிய செலவு, நம் ஊர் வெயிலில் காய்ந்து கிடக்கும் மெஷினின் இரும்பைக் குளிர வைப்பது. முதல் ஓ-ரிங் உள்ளே போகுமுன்பே நைட்ரஜன் தீர ஆரம்பித்துவிடும். அதனால் தினம் ஒரு கூடை ஓட்டினால் நட்டம். ஆர்டரைச் சேர்த்து வைத்து, லோடு வந்ததும் மெஷின் சூடாக விடாமல் அடுத்தடுத்து ஓட்ட வேண்டும். அப்படிச் சேர்க்க முடியாதவர்கள் மெஷினை மறந்துவிட்டு ஜாப் வொர்க்குக்குக் கொடுப்பதே மேல்.

ரப்பர் வார்க்கும் அச்சைச் சுத்தம் செய்வதில் மட்டும் டிரை ஐஸ்தான் ஜெயிக்கும். காற்றோடு பீய்ச்சினால் பிரஸ்ஸிலிருந்து அச்சைக் கழற்றாமல், சூட்டோடு சூடாகவே அழுக்கு கழன்றுவிடும். மணல் மாதிரி மிச்சமும் விழாது. ஈரமில்லாத காற்று தரும் பெரிய கம்ப்ரஸர் வேண்டும். எங்களிடம் இல்லை, வாடகைக்கு எடுத்ததோடு சரி.

அப்புறம், இடம். பழைய வீட்டின் மூன்றாம் கட்டுக்குள் அடைத்த அறையொன்று சும்மா கிடக்கிறதே என்று மெஷினை அங்கே இறக்கிவிடாதீர்கள். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும், வாசனையே இருக்காது, மூச்சுக்காற்றை ஓசையில்லாமல் தள்ளிவிடும். டிரை ஐஸுக்கும் இதே எச்சரிக்கைதான். எங்களுடையது இருபக்கமும் திறந்த தகரக் கொட்டகையில் இருக்கிறது, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அலறும் மீட்டரும் மாட்டியிருக்கிறோம்.