தூக்கம் வரவில்லை: மாத்திரையா, மெலடோனினா, படுக்கை நேரத்தைக் குறைப்பதா?

ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்பவர்கள் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன: டாக்டர் எழுதித் தரும் தூக்க மாத்திரை, மெலடோனின், மூலிகை கேப்ஸ்யூல், அப்புறம் மருந்தே இல்லாமல் படுக்கையில் கிடக்கும் நேரத்தை வெட்டிக் குறைக்கிற முறை. நான் கடைசி வழியைப் பிடித்துக்கொண்டவன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம், படுக்கையில் போன் வேண்டாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பாடம். அதையெல்லாம் செய்தும், வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் இது. ஏதோ ஒரு கவலையில் நாலு நாள் தூக்கம் போவது வேறு, அது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

வேகத்தில் மாத்திரையை எதுவும் அடிக்க முடியாது. சோல்பிடெம் போன்றவை அரை மணி நேரத்துக்குள் ஆளைச் சாய்த்துவிடும். ஆனால் காலையிலும் மந்தம் மிச்சம் இருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் பெண்களுக்கான சோல்பிடெம் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது இதனால்தான். தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்துகளுக்காக 2019-இல் மருந்தின் குறிப்பேட்டில் கட்டம் கட்டிக் கடுமையான எச்சரிக்கை போட வைத்தார்கள். தூக்கத்துக்காகப் பழைய வகை அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொள்வதும் உண்டு, அதற்குச் சில நாளிலேயே உடம்பு பழகிவிடும். வயதானவர்களுக்குக் குழப்பமும் தடுமாறி விழுவதும் வேறு வரும்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் முடிவு செய்வது ஒரே கேள்விதான்: நிறுத்தினால் என்ன ஆகும்? தினமும் போட்டுவந்த தூக்க மாத்திரையைத் திடீரென்று விட்டால் முதல் சில இரவுகள் ஆரம்பத்தில் இருந்ததைவிட மோசமாகப் போகலாம். அது மருந்து விலகுவதால் வருவது, ஆனால் விடிய விடியப் புரண்டுகொண்டிருப்பவருக்கு அப்படியா தோன்றும்? மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே இல்லை என்று முடிவு கட்டி மறுபடி பாட்டிலைத் திறப்பார். (நீண்ட நாளாகப் போடுபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்த வேண்டாம். டாக்டரைக் கேட்டு மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.)

மெலடோனினில் இந்தத் தொல்லை அநேகமாகக் கிடையாது. அது ஆளை அடித்துப் போடுவதில்லை, ராத்திரி ஆகிவிட்டது என்று உடம்புக் கடிகாரத்துக்குச் சேதி சொல்லும் ஹார்மோன், அவ்வளவே. அதனால் தூர தேசப் பயணத்தில் நேரம் புரண்டவர்களுக்கும், இரண்டு மணிக்கு முன்னால் கண் அசராத ஆந்தைகளுக்கும் உதவும். நடுராத்திரி விழித்துக்கொள்பவர்களுக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. எனக்கு இருப்பது இந்த நடுராத்திரி விழிப்புதான், மெலடோனினைக் கொஞ்ச காலம் போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன், ஆகவே என் அனுபவத்தை வைத்து இதை எடை போட வேண்டாம். கனடா ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு தயாரிப்பில் லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாகவும், இன்னொன்றில் 478 சதவீதம் அதிகமாகவும் மெலடோனின் இருந்ததாம்.

மூலிகை பற்றி என்னிடம் சொல்ல அதிகமில்லை. அமுக்கரா தூக்கத்துக்கு ஓரளவு உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு, அரிதாகக் கல்லீரலைப் பாதித்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. இயற்கை என்ற ஒரு சொல்லை நம்பி விழுங்க வேண்டாம், தைராய்டு மருந்து எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சரி, நான் தேர்ந்தெடுத்ததற்கு வருகிறேன். இது இரண்டு பகுதிகள் சேர்ந்தது. தூக்கம் வந்தால் மட்டும் படு, வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ என்பது 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னது. படுக்கை நேரத்தையே சுருக்குவது 1987-இல் ஆர்தர் ஸ்பீல்மன் என்ற தூக்க ஆய்வாளரின் குழுவினர் கொண்டுவந்தது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு, இவை அடங்கிய சி.பி.டி.-ஐ (தூக்கம் பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் முறை) என்ற சிகிச்சையைத்தான் முதலில் தர வேண்டும், மாத்திரை அப்புறம் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது.

கணக்கு எளிது. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால், படுக்கை நேரத்தில் தூங்கிய பங்கு கிட்டத்தட்ட 69 சதவீதம். படுக்கையை ஆறு மணி நேரமாக வெட்டுங்கள், எழுவதற்கு ஒரே நேரம், ஞாயிற்றுக்கிழமையானாலும். ஆறு மணிக்கு எழுவதானால் நள்ளிரவுக்கு முன்னால் படுக்கைப் பக்கமே போகக் கூடாது. இந்தப் பங்கின் வாரச் சராசரி 85 சதவீதத்தைத் தாண்டினால் படுக்கை நேரத்தைக் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் இறங்க வேண்டாம். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற ரசாயனம் சேர்ந்து, பசி ஏறுவது மாதிரி தூக்க அழுத்தம் ஏறுகிறது; அந்தப் பசியோடு படுப்பதுதான் சூட்சுமம்.

முதல் இரண்டு வாரம் கொடுமை என்பதை மறைக்க மாட்டேன். பத்து மணிக்கே கண் சொருகும், நாற்காலியில் உட்கார்ந்தால் தலை தொங்கும் என்பதால் நின்றுகொண்டே துணி மடிப்பேன், மடித்ததைப் பிரித்துத் திரும்ப மடிப்பேன். அந்த நாட்களில் வண்டி ஓட்டுவது ஆபத்து. வலிப்பு நோய், இருமுனைக் கோளாறு, தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்கள் டாக்டர் துணையில்லாமல் இதில் இறங்கவே கூடாது. குறட்டையோடு மூச்சும் நின்று நின்று வருகிறதென்றால் முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும், இந்த முறை அதைத் தீர்க்காது.

ஆனால் நிறுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இங்கே பதில் வேறு. சிகிச்சை முடிந்து மாதக்கணக்கிலும் பலன் நிற்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு நடுவில் தூக்கம் மறுபடி கெட்டது, பழைய நோட்டை எடுத்து நேரம் குறிக்க ஆரம்பித்தேன், படுக்கையைச் சுருக்கினேன், முதல் தடவையைவிடச் சீக்கிரம் வழிக்கு வந்தது. புதிதாக எதையும் வாங்கவோ யாரிடமும் சீட்டு எழுதி வாங்கவோ வேண்டியிருக்கவில்லை.

ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு அனுபவமில்லை, ஒரே நேரத்தில் எழுவது என்பதே அவர்கள் கையில் இல்லையே. துக்கமோ அறுவை சிகிச்சையோ என்று சில ராத்திரிகளைத் தாண்டினால் போதும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, டாக்டர் சொன்ன அளவில் மாத்திரைதான் பொருத்தம். அப்போது என்னிடம் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன்.